பதினாலு மொனை

போளூரிலிருந்து வந்த பஸ் மேல்கொட்டாய் வளைவில் திரும்பியபோது கலைவாணி எதிர்ச்சரிவைப் பார்த்தாள். 

மூன்று நாளைக்கு முன்னால் அவள் கிளம்பிப் போனபோது அந்தச் சரிவு முழுக்கச் சருகு நிறமாக இருந்தது. அங்கங்கே பாய் விரித்த மாதிரி செம்மண் சதுரங்கள் தெரிந்தன. இப்போது சதுரத்தைக் காணோம். அடியிலிருந்து உச்சிப் பாறைவரைக்கும் பதினாலு செம்மண் கோடுகள், வகிடு எடுத்தாற்போல் நேராக ஏறிக் கிடந்தன.

"எறக்கம்! எறக்கம்!" என்று கத்திக்கொண்டே படிக்கு வந்தாள்.

"ஸ்டாப்பிங் இன்னும் ஒரு கிலோமீட்டர் கீதும்மா," என்றார் கண்டக்டர்.

"தெரியும்ண்ணா. இங்கியே வுடுங்க."

இறங்கியதும் மேற்கே பார்த்தாள். மணி பதினொன்றரை. ஏலகிரிப் பக்கம் மேகம் கரிச்சட்டி நிறத்தில் அடுக்கு அடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்தில் மேற்கே இப்படிக் கட்டினால் மூன்று மணிக்குள் அடித்துவிடும். தங்கச்சிக்குப் பிரசவம் பார்த்த மூன்று ராத்திரித் தூக்கம் அவள் கண்ணில் இருந்தது. அதை அங்கேயே உதறிவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள்.

அந்தச் சரிவு வனத்துறை மரம் எடுப்பதற்கென்று வைத்திருந்த காடு. மூவாயிரம் அடி உயரத்தில் வேங்கை நிறைந்து நின்ற இடம். போன வருஷம் முற்றிய மரங்களை வெட்டி எடுத்தபோது ஏழு மரங்களை மட்டும் விதைக்காக விட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்று வனக்குழுவில் பேச்சு வந்தபோது ரேஞ்சர் ஒரு யோசனை சொன்னார். ஜேசிபி வைத்துக் குழி எடுத்து, சில்வர் ஓக் கன்று நட்டு, சுற்றிலும் கம்பிவேலி போட்டுவிடலாம் என்றார். கம்பிவேலி வந்தால் கடுக்காய் பொறுக்கவோ விறகு எடுக்கவோ ஊர் உள்ளே கால் வைக்க முடியாது. கலைவாணிதான் எழுந்து நின்றாள்.

"கன்னு வேணாம் சார். ஏழு தாய்மரம் கீது. இந்த வருசம் கொள்ளாம காச்சித் தொங்குது. மண்ண மட்டும் தயார் பண்ணிக் குடுத்தா அதுங்களே மொளைச்சிக்கும்."

"முளைக்கலைன்னா?"

"மொளைக்கலன்னா உங்க கம்பிவேலிக்கு நானே கல்லு தூக்க வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேஞ்சர் சிரிக்கவில்லை, ஒரு தாளில் எழுதி அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆடியில் வந்து பார்ப்பேன், கன்று போதாது என்றால் ஜேசிபி ஏறும் என்றார்.

மண்ணைத் தயார் பண்ணுவது என்றால் என்ன? வேங்கைக் காய் வட்டமாக, தட்டையாக, சுற்றிலும் அப்பளத்தின் ஓரம் போல ஒரு சிறகோடு இருக்கும். காற்றில் சுழன்று வந்து விழும். விழுகிற இடத்தில் முழங்கை ஆழத்துக்குச் சருகும் காய்ந்த புல்லும் இருந்தால் அது சருகின் மேலேயே உட்கார்ந்துவிடும். மழை பெய்யும், நனையும், வேர் கூட வெளியே வரும். ஆனால் அந்த வேருக்கும் மண்ணுக்கும் நடுவே சருகு இருக்கிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் சருகு காய்ந்துபோகும். அந்தரத்தில் தொங்குகிற வேர் நூல் மாதிரி சுருண்டு செத்துப்போகும். ஆயிரம் காய் விழுந்த காட்டில் ஒரு கன்று இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். சருகை விலக்கி, மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறிவிட்டால் காய் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேர் வந்த மூன்றாம் நாள் பூமியைப் பிடித்துவிடும்.

மொத்தச் சரிவையும் சுரண்டவும் கூடாது. மலையில் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. மெல்ல நடக்கும்போது வெறுங்கையோடு நடக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் வழியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு ஓடும். அதனால் ஒரு பாய் அளவுக்குச் சுரண்டு, மூன்று எட்டுக்குச் சருகை அப்படியே விடு, அடுத்த வரிசையைச் செங்கல் அடுக்குவதுபோல் தள்ளிச் சுரண்டு என்று சொல்லியிருந்தாள். மேல் சதுரத்தில் ஓடத் தொடங்கும் தண்ணீரைக் கீழே இருக்கிற சருகு குடித்துவிடும்.

இப்போது அந்தச் சருகுதான் இல்லை. காயோ ஒரு வாரமாக உதிர்ந்து, பதினாலு கோட்டிலும் சிவப்பு மண்மேல் சிதறிக் கிடந்தது. இந்த வருஷத்துக் காய் அடுத்த வருஷத்துக்கு உயிரோடு இருக்காது.

சரிவின் அடியில், புங்கமர நிழலில் எட்டுப் பேர் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணியின் கொழுந்தன் கோபால் அவளைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சரிவின் பக்கம் நீட்டினான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

"பாருங்க அண்ணி! நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டோம். பதினாலு மொனை. பார்டர் கட்னாப்புல இல்ல?"

"யாருடா இத மொனை பிடிக்கச் சொன்னது?"

கோபாலின் கை அப்படியே இறங்கியது.

"இன்னா அண்ணி?"

"சதுரமா சொரண்டச் சொன்னனே. நடுவுல சருகு வுடச் சொன்னனே."

பதில் அம்மாக்கண்ணுவிடமிருந்து வந்தது. ஊர் முறைக்கு அத்தை, அறுபதைத் தாண்டியவள், களைக்கொத்து பிடித்தால் இளவட்டங்கள் பின்னால்தான் வரவேண்டும். "நடுவுல வுட்டா அதுக்குப் பேரு இன்னா தெரியுமா? சொட்டை. சாமைக்காட்டுல சொட்டை வுட்டவள, கல்யாணமாகிப் போன எடத்துல கூடச் சொல்லிக் காட்டுவாளுங்க. இத்தினி வயசுக்கு அப்பால என்னைய சொட்டை வுடச் சொல்றியா?"

கலைவாணிக்குப் புரிந்துவிட்டது. மலையில் சாமைக்குக் கொத்தும்போது ஆளுக்கு ஒரு மொனை: அடியில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு பட்டையாக மேலே ஏறிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு முழம் கொத்தாமல் விட்டால் மானம் போயிற்று. அவள் பக்கத்தில் நின்றவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே சொட்டை விட்டார்கள். அவள் தலை மறைந்ததும் எல்லாச் சொட்டையையும் அடைத்துவிட்டார்கள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"அத்த, சாமை பத்து நாளுல மண்ண பிடிச்சிக்கும். இது பிடிக்க ஒரு மாசம் ஆவும். இப்ப மழ வந்தா பதினாலு மொனையும் பதினாலு வாய்க்கா. காயும் மண்ணும் ஒண்ணா பள்ளத்துக்குப் போயிடும்." மேற்கே கையைக் காட்டினாள். "அதோ வருது."

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூழ்ச் சட்டியில் யாரும் மறுபடி கை வைக்கவில்லை.

"சருக எங்க போட்டீங்க?"

"பள்ளத்துல கொட்டிட்டோம்," என்றான் கோபால்.

பள்ளம் ஆள் உயரத்துக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து அள்ளி மேலே ஏற்ற ஒரு நாள் வேண்டும். கலைவாணி சுற்றிலும் பார்த்தாள். கண் வேலியில் போய் நின்றது. சரிவில் வேரோடு பிடுங்கிய உண்ணிச்செடியையெல்லாம் இழுத்து வந்து, ஆடு ஏறாமல் இருக்க அடியில் நீளமாகப் போட்டிருந்த முள்வேலி. பன்னிரண்டு நாள் வேலை. இரண்டு பக்கமும் பள்ளமும் பாறையும். ஊர்ப்பக்கம் திறந்திருந்த ஒரே வழியை அடைத்தது இந்த வேலிதான்.

"வேலியப் பிரிங்க," என்றாள்.

"அண்ணி!"

"பிரிச்சி மேல இஸ்துக்கினு போங்க. மொனைக்கு ஆறு எடத்துல குறுக்கால படுக்கப் போடணும். கீழ்ப்பக்கம் ரெண்டு கல்லு முட்டுக் குடு. மேல்பக்கம் மண்ண காலால தள்ளி மிதி. தண்ணிய நிறுத்த வேணாம். கொஞ்சம் நின்னுட்டுப் போன்னு சொன்னா போதும், கையில கீறத எறக்கி வெச்சிட்டுப் போவும்."

"அப்ப அடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். செடி இங்கதான கீது, வெரசா ஆவும்," என்றான் கோபால்.

"மேலேர்ந்து. அடியில வர சொல்லோ தண்ணி யானை. மேல அது எலி. எலியா இருக்க சொல்லவே புடிக்கணும்."

முதல் செடியை அவளே இழுத்தாள். உண்ணிமுள் உள்ளங்கையைக் கிழித்தது. நூற்றைம்பது எட்டு மேலே ஏறி முதல் தடுப்பைப் போட்டுவிட்டு இறங்கும்போது, பிரித்த வேலியின் நடுவே ஒரு ஆள் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மாக்கண்ணுவின் புருஷன் குப்பன். பின்னால் நாற்பத்து மூன்று ஆடுகள், திறந்த இடத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு. வேலி போட்ட நாளிலிருந்து அவர் பெண்டாட்டியோடு கூடச் சரியாகப் பேசுவதில்லை.

"இன்னா மருமவளே, போன வாரம் கட்ன வேலிய நீயே பிரிக்கிற? போளூர்ல யாரனா மந்திரிச்சி வுட்டாங்களா?"

"மாமா, இப்ப கிண்டல் பண்ண நேரமில்ல. ஆட்ட வெளிய வுடாத. அடைச்சி வை."

"அடைச்சி வெச்சி? என்னிய தின்னச் சொல்லவா?"

"நாலு நாளு. வேலிய மறுபடி போட்டுடறேன்."

"நாலு நாளு ஆட்டுக்கு நீ சொல்லு. காதுல சொல்லிப் பாரு, கேக்குதான்னு பாப்போம்." தொரட்டியைத் தரையில் ஊன்றினார். "உச்சியில பாறைக்கட்டு கீது இல்ல? மேல் ரெண்டு மரத்துக்கும் மேல. பாறை ஓரமா பாதையும் கீது. அத எனக்கு வுடு. கீழ என் ஆட்டுக் குளம்பு படாது."

"குடுக்கறதுக்கு நான் யாரு மாமா? காடு சர்க்காருது."

"அப்ப வேலி பிரிக்க மட்டும் நீ யாரு?"

எங்கேயோ தூரத்தில் இடி உருண்டது. கலைவாணி உச்சியைப் பார்த்தாள். பாறைக்கட்டில் மண் ஒரு சாண் கூட இல்லை. அங்கே விழுகிற காயில் பாதி காற்றில் கீழே வந்துவிடும். ஆனால் ரேஞ்சர் வாங்கிய கையெழுத்தில் பாறைக்கட்டும் சேர்த்திதான். கொடுத்தால் அவள் வாக்குத் தவறியவள். கொடுக்காவிட்டால், மழை விட்ட மண்ணை நாற்பத்து மூன்று ஆடு நாளைக் காலையில் மிதிக்கும்.

"சரி. பாறைக்கட்டு உன்னுது. ரேஞ்சர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆட்ட ஓட்டி அடைச்சிட்டு அந்தத் தொரட்டியோட வா."

"தொரட்டி எதுக்கு?"

"கையப் பாரு." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

குப்பன் ஆட்டைத் திருப்பினார். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். தழை வளைக்கிற கொக்கியை உண்ணிப் புதரின் கழுத்தில் மாட்டி, ஒரே இழுப்பில் நாலு செடியைச் சேர்த்துக் கொண்டுபோனார். கையில் ஒரு முள் ஏறவில்லை.

"இத்தினி நாளா இந்த வித்தைய வூட்ல ஒளிச்சி வெச்சிருந்தியா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"கேட்டியா?" என்றார் குப்பன். வேலி போட்ட பிறகு அவர்கள் முகம் கொடுத்துப் பேசிய முதல் பேச்சு அது.

ஒரு மணிக்கு நாலு மொனை முடிந்திருந்தது. இரண்டு மணிக்கு ஏழு. அதற்குமேல் கால்கள் கேட்கவில்லை. ஒன்பதாவது மொனையில் கோபால் கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெயில் அணைந்தது. காற்று நின்றது. பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. கலைவாணி கீழே பார்த்தாள். வேலியில் செடி மிச்சம் இருந்தது, நேரம்தான் இல்லை.

"அஞ்சு மொனை அப்பிடியே கீது அண்ணி," என்றான் கோபால். அழுகிற மாதிரி இருந்தான்.

"தள்ளு," என்றாள் அம்மாக்கண்ணு. கொத்தை எடுத்துக்கொண்டு பத்தாவது மொனையின் தலைமாட்டுக்குப் போனாள். மொனைக்கும் மொனைக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் புல்பட்டை சுரண்டாமல் நின்றது. அவள் மொனையின் குறுக்கே சாய்வாக ஒரு கீறல் வெட்டி, வாயைப் புல்பக்கம் திருப்பிவிட்டாள். "செடி இல்லன்னா இன்னா? தண்ணிய புல்லாண்ட தொரத்து. புல்லு குடிச்சிக்கும்."

கலைவாணி அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு இன்னொரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு பதினொன்றாவதுக்கு ஓடினாள். பத்தில் மூன்று கீறல். பதினொன்றில் மூன்று. பன்னிரண்டில் ஒன்றைப் பாதி வெட்டியபோது முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது, கூழாங்கல் கனத்தில்.

அப்புறம் மழை இறங்கவில்லை, கொட்டியது. பத்து எட்டுக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. மற்றவர்கள் தாழ்ந்த பாறை மடக்குக்குள் குந்திக்கொண்டார்கள். கலைவாணி தாய்மரத்தின் அடியில் நின்று பன்னிரண்டாவது மொனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த மின்னல் ஒன்று எதிர்மலையில் இறங்கியது. யாரோ அவள் முந்தானையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள்.

"இடி வுழ சொல்லோ மரத்தாண்டயா நிப்ப? புத்தி கீதா?" குப்பன். தரதரவென்று இழுத்துப்போய்ப் பாறையடியில் உட்கார வைத்தார்.

அங்கிருந்தே பார்த்தாள். பன்னிரண்டாவது மொனையில் முதலில் விரல் கனத்துக்கு ஒரு ஓடை. பிறகு கை கனம். பாதிக் கீறல் உடைந்தது. சிவப்புத் தண்ணீர் ஒரேயடியாகத் திரண்டு இறங்க, அதன் மேலே வேங்கைக் காய்கள் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போல மிதந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. பள்ளத்தில் விழுகிற சத்தம் பாறைவரை கேட்டது. பதிமூன்று அதற்குப் பின்னால் போயிற்று. பதினாலு அதற்கும் பின்னால். அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். அடுத்து பதினொன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினொன்றில் தண்ணீர் கீறலில் முட்டி, தயங்கி, புல்லுக்குள் திரும்பியது.

நாற்பது நிமிஷத்தில் மழை விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கலைவாணி மட்டும் போனாள். மூன்றாவது மொனையின் மேல் தடுப்பருகே மண்டியிட்டாள். உண்ணிச்செடிக்குப் பின்னால் வண்டல் நாலு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நாலு விரல் மண்ணுக்கு அடியில் காய் புதைந்துவிட்டால் அதுவும் போனதுபோலத்தான், அழுகிவிடும். விரலை உள்ளே விட்டுக் கிளறினாள். அடியில் பருமணல். அதற்கு மேலே பொடிமணல். அதற்கும் மேலே வெண்ணெய் மாதிரி சேறு. காய் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

சேற்றின் மேலே பார்த்தாள். காய்கள் மேலே இருந்தன.

ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கியது. தண்ணீர் தயங்கினால் முதலில் கனமானதைக் கீழே போடும், அப்புறம் லேசானதை, கடைசியில் மிதப்பதை. வேங்கைக் காய் மிதக்கிற பொருள். மண்ணெல்லாம் படுத்த பிறகு, அதன் மேல் மெல்லப் போய் உட்கார்ந்திருக்கிறது. பாதி சேற்றில் ஒட்டி, பாதி வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஒரு முழத்துக்குள் முப்பத்தொன்று எண்ணினாள். அடுத்த தடுப்பு, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் போனாள். கீழே இருந்து ஒன்பது முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பதினொண்ணு நிக்குது," என்று கத்தினாள். "மூணு போச்சி."

கோபால் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது.

மறுநாள் காலை ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். அவள் மறைக்கவில்லை. மொனை பிடித்ததையும், வேலி பிரித்ததையும், மூன்று போனதையும், பாறைக்கட்டைக் குப்பனுக்குச் சொன்னதையும் வரிசையாகச் சொன்னாள்.

"பாறைக்கட்டு உன் பாட்டன் சொத்தா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் மேலே ஏறினார். தடுப்பு தடுப்பாகக் குனிந்து பார்த்தார். ஒரு இடத்தில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்தபோது பேன்ட் முட்டி இரண்டிலும் செம்மண்.

"அந்த மூணு பட்டைக்கு ஜூன்ல குழி எடுப்பேன். அதுல பேச்சே இல்ல. மிச்சம் பதினொண்ணு ஆடி வரைக்கும் உன்னுது. வேலி இந்த வாரத்துக்குள்ள நிக்கணும்."

"பாறைக்கட்டு சார்?"

"நான் அவ்ளோ ஒசரம் ஏறல. முட்டி வலி." ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "ஆனா ஒரு ஆடு அங்கிருந்து கீழ எறங்கிச்சின்னா ஏறுவேன். குப்பன்கிட்ட சொல்லிடு."

வேலி நாலாம் நாள் நின்றது. இந்தத் தடவை புது உண்ணிச்செடியைத் தொரட்டியில் இழுத்ததால் பாதி ஆள் போதுமாக இருந்தது. பிறகு பத்து நாள் மழையே இல்லை. வெயில் வண்டலை ஓடு மாதிரி வெடிக்க வைத்தது. கலைவாணி தினமும் போய் வெடிப்பின் ஓரங்களைக் கையால் சேர்த்து அமுக்கினாள், எத்தனையைத்தான் அமுக்குவது? பதினோராம் நாள் ஒரு சின்ன மழை. அதற்கு ஐந்து நாள் கழித்து இன்னொன்று.

வைகாசி பிறந்து ஒரு வாரம் ஆன காலையில், மூன்றாவது மொனையின் மேல் தடுப்பில் ஒரு காய் லேசாகத் தலைசாய்ந்து கிடந்தது. பூச்சி குடைந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கக் கை நீட்டினாள். சிறகைப் பிடித்து மெல்ல இழுத்தாள். காய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கீழே ஏதோ ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று விரலை விட்டுவிட்டு, அதைத் தாண்டி அடுத்த காயிடம் தவழ்ந்து போனாள்.